உள்ளறையும் கேட்கும் பெட்டியும்: இல்லத்துக் குரலுதவிக் கருவிகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

திருத்தணி என்றவுடன் நம் நினைவில் எழுவன குன்றின்மேல் நிற்கும் முருகன் கோயிலும், அதற்கு இட்டுச்செல்லும் 365 படிகளுமாம். தத்துவப் பேரறிஞர் இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்றும் அதனை அறிவோம். சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதி, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினும் இல்லங்களின் மொழி மாறிவிடவில்லை. வீதியில் தமிழும் அடுக்களையில் தெலுங்கும் வழங்கும் வீடுகள் அங்கே இன்றும் உண்டு. பிள்ளைகள் தொழில் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட, முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடுகளும் உண்டு.

இத்தகைய ஊரொன்றில் ஆயர் ஒருவர் சபையாரின் வீடொன்றுக்குச் சந்திப்பிற்காகச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பணிபுரியும் மகன் தன் தாய்க்கென வாங்கியனுப்பிய சிறு பெட்டி ஒன்று, கூடத்தில் திருமறைக்கு அருகே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் அது பாட்டுப் பாடும்; மாத்திரை உண்ணும் வேளையை நினைவூட்டும்; விளக்கை ஏற்றும், அணைக்கும். ஜெபம் முடிந்ததும் மூத்தவர்கள் உள்ளே செல்கின்றனர். மருமகள் தயங்கியபடி தன் கணவன் தன்னை அடித்துத் துன்புறுத்துவதை ஆயரிடம் சொல்லி அழுகிறாள். 'இது நம் இருவருக்குள் இருக்கட்டும் ஐயா' என்கிறாள். ஆயரும் அவ்வாறே வாக்களிக்கிறார்.

அந்த வாக்கை அவரால் காப்பாற்ற இயலுமா? அக்கூடத்தில் அவ்வேளையில் கேட்டுக்கொண்டிருந்தவர் இருவர் மட்டுந்தாமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்தரங்கம் என்பதைப் பெரும்பாலோர் 'என் இரகசியம், என் உரிமை' என்ற அளவிலேயே எண்ணுகின்றனர். அடுத்திருப்பவர் நம்மிடம் ஒப்புவித்த சொல்லைக் காக்கும் கடமை என்றே கிறிஸ்தவ அறவியல் அதனை முதன்மையாகக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. பெட்டி கேட்கும் விதம்

அமேசான் நிறுவனம் எக்கோ என்னும் கருவியை 2014ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளியிட்டது. அதில் குடிகொண்டு விடையளிக்கும் மென்பொருளுக்கு அலெக்சா என்று பெயர். இக்கருவி 2017இல் இந்தியாவுக்கு வந்தது. கூகுள் நிறுவனத்தின் இத்தகைய கருவி 2018இல் வந்தது. இன்று தனிப் பெட்டி இல்லாத வீடுகளிலும் கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றினுள் இவ்வுதவி அமைந்திருக்கிறது. ஆகவே இது செல்வர் வீட்டுச் சிக்கல் மட்டும் அன்று.

கருவியின் செயல்முறையை ஆயர்கள் அறிந்திருத்தல் நலம். பெட்டியினுள் ஒலிவாங்கிகள் பல உள்ளன. முதல் எக்கோவில் அவை ஏழு. அவை இடைவிடாது சுற்றுப்புற ஒலியை ஏற்கின்றன. எனினும் ஏற்பதனைத்தையும் அவை வெளியே அனுப்புவதில்லை. சில நொடிகளின் ஒலியை மட்டும் தற்காலிகமாக வைத்து, அதில் தனக்குரிய அழைப்புச்சொல் இருக்கிறதா என்று பெட்டிக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்து, இல்லையெனில் அழித்துவிடுகின்றன. அழைப்புச்சொல் கேட்டதாகக் கருவி கருதினால் நீல ஒளி எரிகிறது. அதன்பின் பேசப்படுவது பதிவாகி, இணையத்தின் வழியே நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளுக்குச் செல்கிறது. அங்கே ஒலி சொல்லாக மாற்றப்பட்டு, சொல்லின் நோக்கம் கணிக்கப்பட்டு, விடை திரும்பி வருகிறது.

இங்கே 'கருதினால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கருவிக்குக் காது உண்டு. ஆயின் அழைத்தவர் யார், அழைப்பு உண்மையானதா என்று அறியும் உள்ளம் இல்லை. அழைப்புச்சொல்லை ஒத்த ஒலி எழுந்தாலே அது விழித்துக்கொள்ளக்கூடும். தொலைக்காட்சித் தொடர்களை ஓடவிட்டுச் சோதித்த ஆய்வாளர்கள், யாரும் அழைக்காதபோதும் இக்கருவிகள் விழித்தெழுவதை 2020ஆம் ஆண்டின் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் சபைகளில் அலெக்ஸ், அலெக்சாண்டர் என்னும் பெயருடையோர் எத்தனை பேர்! தாய் தன் மகனை 'அலெக்ஸ்!' என்று கூவியழைக்கும் வீட்டில் கருவி எத்தனை முறை தவறி விழிக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வழங்கும் எல்லைப்புற வீடுகளில், ஒன்றை மற்றொன்றாகக் கேட்கும் வாய்ப்பு குறைவானது என்று கூறிவிட இயலாது.

ஆகவே, 'அது எப்பொழுதும் நம்மை ஒட்டுக்கேட்கிறது' என்று சிலர் அஞ்சுவதும் முழு உண்மை அன்று. 'அழைத்தால் மட்டுமே கேட்கும்' என்று விளம்பரம் சொல்வதும் முழு உண்மை அன்று. அது எப்பொழுதும் செவிசாய்த்திருக்கிறது. சில வேளைகளில் அழையாமலே பதிவு செய்கிறது. மேடையில் நின்று முதற்கூற்றை உரக்கச் சொல்லும் ஆயர், உண்மையை மிகைப்படுத்திய குற்றத்திற்கு ஆளாவார்.

2. நடந்தவை கற்பிப்பவை

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2018ஆம் ஆண்டில் ஒரு கணவனும் மனைவியும் தம் வீட்டில் பேசிக்கொண்டிருந்த பேச்சு, அவர்கள் அறியாமலே, அக்கணவனுக்குத் தெரிந்த ஒருவருக்குச் செய்தியாகச் சென்றடைந்தது. நிறுவனம் அளித்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. பேச்சினிடையே ஒரு சொல்லைத் தன் பெயராகவும், மற்றொன்றைச் 'செய்தி அனுப்பு' என்ற கட்டளையாகவும், வேறொன்றைப் பெறுவோர் பெயராகவும், பின்னொன்றை ஒப்புதலாகவும் கருவி அடுத்தடுத்துப் பிழையாகக் கேட்டதாம். அன்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வீட்டின் தரை அமைப்பைப் பற்றியே. அது ஒரு பாவ அறிக்கையாக இருந்திருந்தால்?

2019ஆம் ஆண்டு மற்றொரு செய்தியை வெளிக்கொணர்ந்தது. கருவியின் கேட்கும் திறனைச் செம்மைப்படுத்துவதற்காக, பதிவுகளில் சிலவற்றை மனிதரே கேட்டு எழுதுகின்றனர் என்பதே அது. அமேசானுக்காக இப்பணியைச் செய்தோர் அமெரிக்கா, கோஸ்டாரிகா, ருமேனியா ஆகிய நாடுகளோடு நம் இந்தியாவிலும் இருந்தனர் என்று அவ்வாண்டு ஏப்ரலில் செய்தியாளர்கள் தெரிவித்தனர். பெல்ஜிய நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஜூலை மாதத்தில் கூகுள் கருவிகளின் பதிவுகள் ஆயிரத்திற்கு மேற்பட்டவற்றைக் கேட்டு ஆராய்ந்தது. அவற்றுள் 153, யாரும் அழையாமலே பதிவானவை. படுக்கையறைப் பேச்சும், பெற்றோர் பிள்ளைகளோடு பேசியதும், குடும்பச் சச்சரவும் அவற்றுள் இருந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் பதிவுகளைக் கேட்ட ஊழியரின் காதுகளில், நோயாளி மருத்துவரிடம் சொன்னவையும் விழுந்தன என்பது அதே மாதத்தில் தெரியவந்தது. அந்நிறுவனம் ஆகஸ்டில் மன்னிப்புக் கோரியது.

பிள்ளைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. சிறுவர்களின் குரற்பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததாகவும், பெற்றோர் அழிக்கக் கேட்டும் முழுமையாக அழிக்கவில்லை என்றும் அமெரிக்க அரசு அமேசான்மீது குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்நிறுவனம் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அமெரிக்காவில் சில எக்கோ கருவிகளுக்கு, குரலை வெளியே அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே கையாளும் வாய்ப்பு முன்பு இருந்தது. புதிய செயற்கை நுண்ணறிவு வசதிகளைக் காரணங்காட்டி 2025 மார்ச் 28 முதல் அதுவும் நிறுத்தப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. ஒன்று, இயந்திரத்தின் பின்னே மனிதர் இருக்கிறார். அவர் நம் பக்கத்து ஊராராகவும் இருக்கலாம். மற்றொன்று, இன்று பெட்டி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை நிர்ணயிப்பவர் வீட்டுக்காரர் அல்லர். விதியை மாற்றும் ஆற்றல் நிறுவனத்திடமே இருக்கிறது.

3. சட்டம் காக்கும் எல்லை

அந்தரங்க உரிமையைப் பற்றிய இந்தியச் சட்ட வரலாற்றில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவினுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கூறியது. தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு 1996இல் அதே நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. பின்னர் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் வழிவந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒருவருடைய தரவைப் பெறுவதற்கு அவர்தம் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் தடையற்றதாகவும், விவரம் அறிந்ததாகவும், ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் கோட்பாடு. அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. திருத்தணியின் இரு மொழிகளும் அவ்வட்டவணையில் உள்ளவையே.

எனினும் இச்சட்டம் காக்கும் எல்லைக்குள் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு தனி மனிதர் தம் சொந்த அல்லது வீட்டுப் பயன்பாட்டிற்காகத் தரவைக் கையாளுவது இச்சட்டத்திற்கு வெளியே நிற்கிறது. நிறுவனத்திற்கு ஒப்புதல் அளிப்பவர் பெட்டியை வாங்கியவர் ஒருவரே. மருமகளும், பணிப்பெண்ணும், வந்துபோகும் விருந்தினரும், ஆயரும் எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடவில்லை. வீட்டுக்காரர் தம் விருந்தினருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்விக்குச் சட்டம் விடை தரவில்லை; அறவியலே விடை தர வேண்டும்.

ஆயருக்கு இன்னுமொரு செய்தி உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமும், கணவன் மனைவியரிடையே நிகழும் பேச்சுக்கும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கும் தனிப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆயரிடம் சொல்லப்படும் அறிக்கைக்கென அவற்றில் தனிப்பிரிவு ஏதும் இல்லை. அமெரிக்காவில் 2015இல் நடந்த ஒரு மரணம் பற்றிய வழக்கில், வீட்டிலிருந்த எக்கோவின் பதிவுகளைக் காவல்துறை கேட்டுப் போராடியதையும் நாம் மறத்தலாகாது. ஆகையால் ஆயர் காக்கும் இரகசியம் அவருடைய உண்மை ஒன்றையே அரணாகக் கொண்டு நிற்கிறது.

4. திருமறை காட்டும் வாசற்படி

'கடவுள் அனைத்தையும் கேட்கிறார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அச்சம் எதற்கு?' என்று பக்தியுள்ள சிலர் வினவுவர். சங்கீதம் 139ஐயும், மறைவானது எதுவும் வெளிப்படாமற்போகாது என்னும் லூக்கா 12:2-3ஐயும் அவர்கள் சான்றாகக் காட்டுவர். இவ்வாதத்தை நாம் கவனத்துடன் ஆராய்தல் வேண்டும்.

லூக்காவின் அப்பகுதி, பரிசேயரின் மாய்மாலத்தைப் பற்றிய எச்சரிப்பாகத் தொடங்கி, துன்புறுத்தப்படவிருக்கும் சீடர்களுக்கு ஆறுதலாகத் தொடர்கிறது. மறைவானதை வெளிப்படுத்துபவர் அங்கே கடவுள். அவருடைய தீர்ப்புக்குரிய உரிமையை மனிதரோ நிறுவனமோ முன்கூட்டியே கையிலெடுக்கலாம் என்று அப்பகுதி கூறவில்லை. சங்கீதக்காரரும் கடவுளின் அறிவுக்கு முன் தப்பியோட இடமில்லை என்று தொடங்கி, இறுதியில் தம்மை ஆராயும்படி தாமே வேண்டிக்கொள்கிறார். கடவுளின் முற்றறிவு, இவ்வாறு, அன்புறவின் அழைப்பாக மாறுகிறது. பர்திமேயுவின் தேவையை அறிந்திருந்தும் இயேசு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறாய் என அவனையே கேட்டார் (மாற்கு 10:51). அறிந்தவரும் கேட்டுத்தான் உள்ளே நுழைகிறார்.

ஆனால் படுக்கையறையில் பேசிய சொல்லும் வெளிப்பட்ட நிகழ்ச்சி திருமறையில் இல்லையா என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். உண்டு. சீரிய அரசன் தன் பள்ளியறையில் பேசுவதை எலிசா இஸ்ரவேலின் அரசனுக்கு அறிவித்ததாக 2 இராஜாக்கள் 6:12 கூறுகிறது. ஆயினும் அவ்வதிகாரத்தின் முடிவைப் படித்தால், பிடிபட்ட பகைவரைக் கொல்லவிடாமல் அவர்களுக்கு விருந்தளித்து அனுப்புகிறார் தீர்க்கர். வல்லமையுள்ளவனின் சூழ்ச்சியை வெளிப்படுத்தி உயிர்களைக் காப்பது வேறு; எளியவளின் கண்ணீரைப் பதிவு செய்து வைப்பது வேறு. படுக்கையறையிலும் அரசனை நிந்திக்க வேண்டாம், ஆகாயத்துப் பறவை அதைக் கொண்டுபோகும் என்னும் பொருள்பட எச்சரிக்கும் பிரசங்கி 10:20, ஒட்டுக்கேட்கும் அரசின்கீழ் வாழ்ந்த மக்களின் அச்சத்தையே நமக்குக் காட்டுகிறது. அவ்வச்சத்தை அது நற்பண்பாகப் போற்றவில்லை.

இப்பொருள்பற்றி மிகத் தெளிவாகப் பேசும் பகுதி, நாம் பொதுவாகப் பிரசங்கிக்காத உபாகமம் 24:10-11 என்று கருதுகிறேன். ஒருவன் பிறனுக்குக் கடன் கொடுத்திருந்தால், அடகுப் பொருளை எடுப்பதற்கு அவன் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதைக் கொண்டுவந்து கொடுப்பான். கொடுத்தவனுக்குப் பொருளின்மேல் உரிமை உண்டு. வீட்டின்மேல் உரிமை இல்லை. அடுத்துவரும் வசனங்கள், அக்கடனாளி போர்வை ஒன்றன்றி வேறில்லாத ஏழையாக இருக்கலாம் என்று காட்டுகின்றன. செல்வனின் மாளிகைக்கு மதில் உண்டு, காவல் உண்டு. ஏழையின் வீட்டுக்குக் காவல் கடவுளின் கட்டளையே.

நம் நாட்டுச் சூழலில் இவ்வசனத்தின் கூர்மை மிகுதி. சேரி மக்கள் மேல்சாதியார் வீட்டு வாசற்படியை மிதிக்கலாகாது என்றிருந்த ஊர்களிலேயே, நிலக்கிழாரும் வட்டிக்காரரும் சேரி வீடுகளுக்குள் தடையின்றி நுழைந்தனர். வாசற்படி என்பது யாருக்கு எல்லை, யாருக்கு இல்லை என்பதே அதிகாரத்தின் இலக்கணமாக இருந்தது. இன்று ஒரு பெருநிறுவனம் வெளியே நில்லாமல், பரிசுப்பொருளின் உருவில் உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. நாம் கொடுக்க விரும்பியதை நாமே வாசலுக்குக் கொண்டுவரும் நிலை இருக்கிறதா? இதுவே உபாகமம் நம்மிடம் கேட்கும் கேள்வி.

5. வீட்டிலே குரலற்றோர்

பெட்டியின் பயனை நாம் மறுக்கவில்லை. பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றித் திருமறைப் பகுதியைக் கேட்கவும், கைகால் முடங்கிய முதியவர் விளக்கை ஏற்றவும், தனித்திருக்கும் தாய் மகனோடு பேசவும் அது உதவுகிறது. இதனைச் சாத்தானின் கருவி என்று ஒதுக்குவது, இவர்களுடைய தேவையை அறியாதவர் செய்யும் செயல். ஆயினும் ஒரே வீட்டில் வாழ்வோர் அனைவரையும் கருவி ஒரே விதமாகத் தொடுவதில்லை.

தம் மகன் வாங்கிவைத்த பெட்டியின் பதிவுகளை, மகன் தன் கைப்பேசியில் கேட்க இயலும் என்பதை அத்தாய் அறிவாரா? அதே வசதி, மனைவியைக் கண்காணிக்கும் கணவனுக்கும் கிட்டும். பாத்திரம் துலக்க வரும் பணிப்பெண்ணிடம், 'இவ்வீட்டில் இப்படியொரு கருவி உண்டு' என்று அவள் மொழியில் யாரேனும் சொன்னதுண்டா? சொன்னாலும், வேலையை இழக்க இயலாத அவள் 'வேண்டாம்' என்று மறுத்துக் கூறுவாளா? ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் மௌனத்தை ஒப்புதல் என்று கொள்ளுதல் அநீதியாகும்.

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் சாராயும் ஆகாரைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. அவர்களுக்கு அவள் அடிமைப்பெண் மட்டுமே. வனாந்தரத்தில் அவளை முதன்முதல் பெயர் சொல்லி அழைப்பவர் கர்த்தருடைய தூதன். அவள் மகனுக்கு இடப்படும் பெயராகிய இஸ்மவேல், 'கடவுள் கேட்கிறார்' என்று பொருள்படும். ஒடுக்கப்பட்டோரின் கூக்குரலைக் கேட்டதனாலேயே கடவுள் எகிப்திற்கு இறங்கிவந்தார் என்று யாத்திராகமம் 3ஆம் அதிகாரமும் கூறுகிறது. கடவுள் கேட்பது விடுதலைக்காக. நிறுவனம் கேட்பது வணிகத்திற்காக. முன்னது கேட்கப்பட்டவளை மனிதராக உயர்த்துகிறது. பின்னது அவளைத் தரவாக்குகிறது. பெண்ணின் பெயரும் பெண்ணின் குரலும் கொண்டு, ஏவியதைச் செய்யும் உருவமாக இக்கருவிகள் அமைக்கப்பட்டிருப்பதை யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை கண்டித்தது. நன்றியும் வேண்டுகோளுமின்றிப் பெண்குரலுக்குக் கட்டளையிடப் பழகும் பிள்ளை, வீட்டுப் பணிப்பெண்ணிடம் எவ்வாறு பேசும் என்பதையும் கிறிஸ்தவப் பெற்றோர் எண்ண வேண்டும்.

நம் சபைகளுக்கே உரிய மற்றொரு வேதனையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவத்தைத் தழுவும் தலித் மக்கள் பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளை இழக்கின்றனர். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திருமுழுக்கும் ஆலய வழிபாடும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாணையின் நியாயத்தை விவாதிப்பதற்கு இது இடமன்று. வீட்டில் ஒருவர் எவரிடம் ஜெபிக்கிறார் என்பதே பிழைப்பைத் தொடும் செய்தியாகிவிடும் மக்கள் நம் நடுவே வாழ்கின்றனர் என்பதை மட்டும் இங்கு நினைவுகூர்கிறேன். குடும்பத்தார் அறியாமல் கிறிஸ்துவை நாடும் பெண்களும் எல்லா ஊர்களிலும் உண்டு. இவர்களிடம் 'ஒளிக்க என்ன இருக்கிறது?' என்று கேட்பது இரக்கமற்ற கேள்வி.

6. ஆயரின் நாவும் ஆயரின் கடமையும்

பெட்டியைக் குறைகூறும் முன் நம்மையே நாம் சோதித்துக்கொள்ளுதல் தகும். ஒருவர் தனிமையில் சொன்ன துயரத்தைப் பெயரை மட்டும் மறைத்து அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உவமையாக்கியதில்லையா? 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில், ஒரு பெண்ணின் நோயையும் ஓர் இளைஞனின் தவற்றையும் கைப்பேசிக் குழுக்களில் பரப்பியதில்லையா? சேகரக் குழுவில் பேசியது மறுநாள் தேநீர்க்கடையில் பேசப்படுவதில்லையா? புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான் என்பது நீதிமொழிகள் 11:13இன் கருத்து; வள்ளுவரும் புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். பெட்டி தவறிக் கேட்கிறது. நாமோ தெரிந்தே சொல்லிவிடுகிறோம். இதில் திருந்தாத ஆயர் அதைக் கண்டிக்கத் தகுதியற்றவர்.

சீர்திருத்தத் திருச்சபைகள் பாவ அறிக்கையை அருளடையாளங்களின் வரிசையிலிருந்து நீக்கியபோதும், தனி அறிக்கையின் மதிப்பை நீக்கவில்லை. லுத்தரானோரின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தன் 11ஆம் பிரிவில் தனிப்பட்ட பாவமன்னிப்பு நிலைநிறுத்தப்பட வேண்டும் என்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1603ஆம் ஆண்டு விதிகளுள் 113ஆம் விதி, அறிக்கையில் கேட்டதை வெளியிடலாகாது என்று குருவானவருக்குக் கட்டளையிடுகிறது. டீட்ரிக் பொன்ஹோஃபர், 1943இல் சிறையிலிருந்தபோது உண்மை பேசுதலைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். 'உன் தகப்பன் குடித்துவிட்டு வீடு திரும்புவது மெய்தானா?' என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் அனைவர்முன் ஒரு பிள்ளையைக் கேட்கிறார். மெய்யாயிருந்தும் பிள்ளை இல்லையென்கிறது. குடும்பத்திற்கெனக் காக்கப்பட வேண்டிய மறைவொன்று உண்டு. அதற்குள் அத்துமீறி நுழைந்த ஆசிரியரிடமே பெருங்குற்றம் இருக்கிறது என்பது பொன்ஹோஃபரின் முடிவு. ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இடம் உண்டு; இடம் மாறிய சொல் உண்மையாயிருந்தும் உறவைக் குலைக்கும் என்பதே அதன் உட்பொருள்.

இவற்றின் அடிப்படையில், ஆயர்களும் இறையியல் மாணவர்களும் கைக்கொள்ளத்தக்க சில ஒழுங்குகளைக் கூறலாம்.

முதலாவது, தனிப்பட்ட ஆலோசனைக்கு முன் அறையில் இத்தகைய கருவி உண்டா என்று மென்மையாகக் கேட்டு, அதன் ஒலிவாங்கியை நிறுத்தச் சொல்லலாம். எக்கோவில் அதற்கெனப் பொத்தான் உண்டு. அழுத்தினால் சிவப்பு ஒளி தோன்றும். வீட்டாரிடம் அவ்வாறு கேட்பதே பேச வந்தவளுக்கு ஆபத்தாகும் எனில், தக்க துணையோடு ஆலயத்திலோ வேறிடத்திலோ சந்திக்கலாம். நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும் அதே இனத்தது என்பதை மறவாமல், அதனையும் வெளியே வைத்துவருதல் நன்று.

இரண்டாவது, ஆலயத்தின் உடை மாற்றும் அறை, ஆயரில்லத்தின் சந்திப்பறை, சேகரக் குழு கூடும் அறை ஆகியவற்றில் இக்கருவி வைக்கப்படாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கருவி வைத்திருக்கும் சபையாருக்கு விருந்தோம்பலின் புதிய கடமையைக் கற்பிக்க வேண்டும். வருவோருக்கு அதனை அறிவித்தல், பணிப்பெண்ணுக்கு அவள் மொழியில் விளக்குதல், படுக்கையறையில் வையாதிருத்தல், பழைய பதிவுகளை அவ்வப்போது அழித்தல், பிள்ளைகளைத் தனியே அதனோடு விடாதிருத்தல் ஆகியன அக்கடமையின் பகுதிகள். அலெக்ஸ் என்னும் பிள்ளை உள்ள வீட்டார் எக்கோவின் அழைப்புச்சொல்லை மாற்றிக்கொள்ளவும் இயலும்.

நான்காவது, மாணவர்கள் ஆலோசனைப் பயிற்சிக்காக எழுதும் உரையாடல் அறிக்கைகளில் பெயர், ஊர், தொழில் ஆகிய அடையாளங்களை நீக்கி எழுதுதல் வேண்டும். பேசியவரின் இசைவின்றி ஒலிப்பதிவு செய்தல் ஆகாது.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கை. இரகசியம் காத்தல் என்பது கொடுமையை மூடிமறைக்கும் போர்வையாகிவிடலாகாது. தொடக்கத்தில் கண்ட மருமகளுக்கு மௌனம் மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும். அவளோடு கலந்து, அவள் இசைவோடு, சட்டத்தின் உதவியை நாடும் வழியை ஆயர் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் கொடுமையை அறிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதனை ஆலோசனைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை. யாருக்காக இரகசியம் என்பதே உரைகல். நலிந்தவரைக் காப்பது அந்தரங்கம். வலியவரைக் காப்பது மறைப்பு.

முடிவுரை

உள்ளறைக்குள் சென்று கதவைப் பூட்டி, மறைவிலுள்ள தந்தையை நோக்கி ஜெபிக்கும்படி ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 6:6). கதவைப் பூட்டும் உரிமையை அவர் எல்லாச் சீடருக்கும் அளித்தார். தனியறை என்று ஒன்று இல்லாத ஒற்றையறை வீடுகளில் வாழும் நம் மக்கள் பலருக்கு, ஆயரின் செவியே அவ்வுள்ளறையாக இருந்து வந்திருக்கிறது. அங்கே சொன்ன சொல் வெளியே போகாது என்னும் நம்பிக்கையோடுதான் அவர்கள் வாய்திறக்கின்றனர்.

திருத்தணி வீட்டுக் கூடத்திற்கு மீண்டும் வருவோம். மருமகள் பேசத் தொடங்குமுன், ஆயர் எழுந்து, மூத்தவர்களின் அனுமதியோடு, 'சற்று வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்து பேசுவோம், அம்மா' என்று அழைத்துச் செல்கிறார். எல்லாரும் காணக்கூடிய இடம். ஆனால் அவர்கள் பேசுவது வேறெவர் காதிலும் விழாது. இதற்குப் பெரும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. அடுத்திருப்பவளின் சொல் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருள் என்ற உணர்வு ஒன்றே போதும். அவ்வுணர்வை நம் திருப்பணியில் காத்துக்கொள்வோமாக.